திட்டினால் திறக்கும் கதவு

1

இன்று இங்கே பள்ளிக்கூடம் திறக்கிற நாள். காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது ஸ்ரீரங்கத்திலிருந்து அக்கா போன் செய்தாள். அங்கே இருட்டிவிட்டிருந்தது.

"கரன்ட் போயிருச்சுடி. திவ்யா இதான் சாக்குன்னு ஹோம்வொர்க்க மூடி வெச்சுட்டா. கொசு வேற பிடுங்குது. உனக்கென்ன, மகாராணி" என்றாள்.

அவள் புலம்பப் புலம்ப எனக்குப் பொறாமையாக இருந்தது. விளக்கு அணைந்தால் கொசுவைப் பற்றி மட்டும் கவலைப்படுகிற வீடு அது.

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பார்த்து ஊரில் இருப்பவர்கள் பொறாமைப்படுவதுதான் வழக்கம் என்பார்கள். என் விஷயத்தில் அது தலைகீழ். நான் திருச்சி புத்தூரில் பிறந்தவள். ப்ளஸ் டூவோடு படிப்பு முடிந்தது. என் வீட்டுக்காரர் திருச்சியில் வெல்டிங் கற்றவர். அந்தக் கைவேலைதான் எங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைத்து மடிக்கிறேன். துணி என்னிடம் பேச்சுக் கொடுக்காது, அதனால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. எழுதச் சொன்னால் ஏதோ கொஞ்சம் எழுதுவேன்.

இந்தக் கோடை விடுமுறையில் மகள் கயலை அக்காவிடம் விட்டுவிட்டு வரத்தான் ஊருக்குப் போனேன். அவள் ஸ்ரீரங்கத்திலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்திருந்தேன். பத்து வயதுப் பெண்ணை விட்டுவிட்டு வர எந்தத் தாய்க்கு மனசு வரும் என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது.

2

எங்கள் மாநிலத்தின் பெயர் வேண்டாம். மலையும் புல்வெளியுமான இடம், ஆட்களைவிட மாடுகள் அதிகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் கயலின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நானும் வீட்டுக்காரரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரியவர் எழுந்து பேசினார். ஆங்கிலத்தை மெதுவாகப் பேசினால் எனக்குப் புரியும். அவர் மெதுவாகப் பேசவில்லை. நடுநடுவே பிடிபட்டது இவ்வளவுதான்: தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு நம் மாநிலத்துக்கு உத்தரவு போட அவர்கள் யார்? நம் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று நமக்குத் தெரியாதா?

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திருச்சிக்காரிக்கு இந்தப் பேச்சு புதிதா? மன்னார்புரத்தில் பஸ் மாறுகிற நேரத்தில்கூட ஏதாவது ஒரு மைக்கில் காதில் விழுந்துகொண்டே இருந்த பேச்சு. மத்திய அரசை மாநிலம் எதிர்க்கிறது என்றால் நியாயம் மாநிலத்தின் பக்கம்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே தெரியும். கை தட்டினேன். அந்தக் கூட்டத்தில் முதலில் கைதட்டியது நான்தான். வாயே திறக்காதவள் கைதட்டியதைப் பார்த்து வீட்டுக்காரர் திகைத்துப்போனார்.

காரில் ஏறியதும் கேட்டார். "அவரு என்ன பேசுனாருன்னு தெரிஞ்சுதான் தட்டுனியா?"

"மாநில உரிமைதானே?"

"உரிமைதான். பள்ளிக்கூடத்துக்கிட்ட துப்பாக்கி எடுத்துட்டு வரக் கூடாதுன்னு மத்திய சட்டம் சொல்லுது. அத நம்ம மாநிலம் ஒத்துக்க வேணாம்னு பேசுனாரு. அதுக்குத்தான் நீ விழா எடுத்த."

அந்தப் பெரியவர் பெயர் ராய். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பள்ளிக்கு எதிர் வீட்டுக்காரர். மறுநாள் காலை கயலை விடப் போனபோது, பள்ளி வாசலுக்கு எதிர் நடைபாதையில் நின்றிருந்தார். தோளில் நீளத் துப்பாக்கி. என்னைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். கைதட்டிய பெண்ணை அவருக்கு ஞாபகம் இருந்தது.

அதிலிருந்து தினமும் நின்றார். பிள்ளைகளுக்குக் காவல் என்றார். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். கயல் என்ற பெயர் மட்டும் வாயில் நுழையவில்லை. "கைல்" என்பார். அது இங்கே ஆண்பிள்ளை பெயர். நான் சொல்லித் திருத்தக் கூச்சப்பட்டேன். கயலுக்கு அது பிடித்துப்போய், நோட்டில்கூட அப்படியே எழுத ஆரம்பித்தாள். என் கையை விட்டுவிட்டு அவருக்குக் கையசைக்க முன்னால் ஓடுவாள்.

அவள் பள்ளியில் அடிக்கடி ஓர் ஒத்திகை நடக்கும். விளக்கை அணைத்துவிடுவார்கள். கதவைத் தாழிட்டு, ஜன்னலை மறைத்து, பிள்ளைகள் சுவரோரமாக மூச்சுவிடாமல் உட்கார வேண்டும். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, டீச்சரே வெளியே நின்று கூப்பிட்டாலும் கூடாது. துப்பாக்கியோடு யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கான பழக்கம். எதிர் நடைபாதையிலேயே ஒருவர் துப்பாக்கியோடு நிற்கும்போது இந்த ஒத்திகை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

பனிக்காலத்தில் ஒருநாள் ராய் வரவில்லை. காய்ச்சலாம். கயல் வாசலில் நின்றுவிட்டாள்.

"ராய் இல்லம்மா. நான் உள்ள போகல."

"அம்மா இருக்கேன்ல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் இருந்து என்ன பிரயோஜனம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அன்றுதான் அவளை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். துப்பாக்கி பயமா, அந்த மனிதர் மேல் எரிச்சலா, எது என்னை முடிவு செய்ய வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

3

அனுப்புவதற்கு முன் ஒரு முயற்சி செய்து பார்த்தேன். நாலு நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டு, பள்ளி அலுவலகத்துக்குப் போய், ராயிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

அங்கே இருந்த பெண்மணி நல்லவர். எனக்காக மெதுவாகப் பேசினார். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குத் துப்பாக்கி கூடாது என்பது மத்திய சட்டம். ஆனால் மாநிலம் லைசென்ஸ் கொடுத்தவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. எங்கள் மாநிலம் என்ன செய்தது தெரியுமா? சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமையுள்ள எல்லோருக்குமே லைசென்ஸ் கொடுத்ததாகக் கருதப்படும் என்று ஒரு வரியைச் சட்டத்தில் எழுதிவிட்டது.

"அவர் எந்த ஆபீஸில் வாங்கினார்?" என்று கேட்டேன்.

"எந்த ஆபீஸிலும் வாங்க வேண்டாம். சட்டத்தில் அந்த வரி இருப்பதே லைசென்ஸ்தான்."

"ஆளைப் பற்றி விசாரணை?"

"இல்லை."

எனக்கு ஒரு சந்தேகம். "அப்படியானால் எனக்கும் இருக்கிறதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். எங்களுக்கு நிரந்தரக் குடியிருப்பு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்படியென்றால் உங்களுக்கும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்" என்று சிரித்தார். போலீசிடம் சொன்னாலும் பலன் இருக்காது, மத்தியத் துப்பாக்கிச் சட்டங்களுக்கு உள்ளூர் போலீஸ் உதவக் கூடாது என்று மாநிலத்தில் இன்னொரு சட்டமும் இருக்கிறது என்றார்.

புகார் கொடுக்கப் போனவள் லைசென்ஸோடு திரும்பி வந்தேன்.

4

அக்காவும் மாமாவும் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத் தெருவில் சின்னக் கடை வைத்திருக்கிறார்கள். நோட்டு, பேனா, கடலை மிட்டாய், எலுமிச்சை ஜூஸ். அவர்கள் மகள் திவ்யா அதே பள்ளியில் ஐந்தாவது. நாங்கள் போய் இறங்கிய சில நாளில் அங்கே பள்ளி திறந்தது. அக்கா தலைமை ஆசிரியையிடம் பேசி, கயலையும் திவ்யாவோடு வகுப்பில் உட்கார வைத்தாள். பழகிப் பார்க்கட்டும், பிடித்தால் சேர்த்துவிடலாம் என்று ஏற்பாடு.

நான் கடையில் உட்கார்ந்துகொள்வேன். லைசென்ஸ் கதையைக் கேட்டு மாமா கல்லாவில் தட்டிச் சிரித்தார். அவருக்குச் சொந்த ஊர் மருங்காபுரி. அவருடைய அண்ணன் கடலைக்காட்டில் காட்டுப்பன்றியை விரட்ட ஒரு பழைய துப்பாக்கி வைத்திருக்கிறார்.

"அதுக்கு லைசென்ஸ் வாங்க எங்கண்ணன் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சு போச்சும்மா. எலக்‌ஷன் வந்தா அதையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். குடுத்துட்டு வந்து, பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போன மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. உனக்கு என்னடான்னா வீடு தேடி லைசென்ஸ் குடுத்திருக்காங்க!"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு மாமா."

"சிரிக்காம? எனக்கு இங்க ஒரு சிகரெட்டுக்கு வழியில்ல."

அது வேறு கதை. பள்ளிக்கு நூறு கஜத்துக்குள் பீடி சிகரெட் விற்கக் கூடாது என்று ஆட்கள் டேப்போடு வந்து அளந்தார்களாம். டேப் சரியாகக் கடையின் நடுவில் வந்து முடிந்ததாம். மாமா சும்மா இருப்பாரா? பின்பாதி சட்டத்துக்கு வெளியே என்று சொல்லி, சிகரெட்டையெல்லாம் பின்னால் இருந்த அலமாரிக்கு மாற்றிவிட்டார். அடுத்த முறை வந்த அதிகாரி கோபப்படவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணாச்சி, சிகரெட்ட எடுத்துக் கைய நீட்டிக் குடுக்கிறீங்கள்ல, அப்ப உங்க கை எந்தப் பக்கம் இருக்கு?"

அன்றோடு மாமா விட்டுவிட்டார். "அந்தாளு அப்படிக் கேட்டப்புறம் என்னத்தச் சொல்றது?" என்று இன்னும் குறைப்படுகிறார்.

நான் சிரித்தேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது. எங்கள் மாநிலம் செய்ததும் மாமா செய்த அதே வேலைதான். போட்ட கோட்டை அழிக்காமல், கோட்டுக்கு உள்ளே நிற்கிறவர்களை எல்லாம் வெளியே நிற்பதாகக் கணக்குக் காட்டுவது. கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்க அங்கே ஓர் ஆள் இல்லை. இந்தத் தெருவில் ஒரு பீடிக்குக் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு தெருவில் கடை போட்டுக்கொண்டு, வியாபாரம் போச்சு என்று குறைப்படவும் முடிகிறது இவர்களுக்கு.

கயலைப் பார்த்தும் பொறாமைதான். பெரியம்மாவோடு அப்படி ஒட்டிக்கொண்டாள். அக்கா பிள்ளைகளைக் கொஞ்ச மாட்டாள். "ஏ கயலு, அந்த டம்ளர எடு. கண்ணு பொடனியிலயா இருக்கு?" இதுதான் அவள் பேச்சு. நான் பத்து வருடமாகக் கண்ணு, செல்லம் என்று கூப்பிட்டு வராதவள், அக்காவின் ஒரு அதட்டலுக்கு ஓடினாள். கைல் என்ற பெயர் அங்கே போன இடம் தெரியவில்லை.

5

ஒரு நாள் மதியம் கரன்ட் போனது. கடையில் மின்விசிறி நின்றது. தெருக்கோடியில் பள்ளிப் பிள்ளைகள் "ஓ..." என்று ஒரே குரலில் கத்தியது கேட்டது. கொஞ்ச நேரத்தில் பள்ளி ஆயாம்மா தலைதெறிக்க ஓடி வந்தார்.

"அமெரிக்காப் பாப்பா அம்மா யாருங்க? சீக்கிரம் வாங்க. பாப்பா கதவச் சாத்திக்கிச்சு!"

நான் ஓடினேன். ஐந்தாம் வகுப்பு வாசலில் கூட்டம். மிஸ் சாக்பீஸ் எடுக்க வெளியே போன நேரத்தில் விளக்கு அணைந்து மின்விசிறியும் நின்றிருக்கிறது. மற்ற பிள்ளைகள் கத்தினார்கள். கயல் கத்தவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். ஜன்னல்களைச் சாத்தினாள். வாயில் விரல் வைத்து எல்லோரையும் சுவரோரம் உட்கார வைத்தாள். புது விளையாட்டு என்று நினைத்து மொத்த வகுப்பும் உட்கார்ந்துவிட்டது.

மிஸ் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். "தொறங்கடி! நான்தான்டி!"

ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு சிறுமியின் கிசுகிசுப்பு. "மிஸ், நீங்க கூப்பிட்டாலும் தொறக்கக் கூடாதாம் மிஸ். அந்தப் புள்ள சொல்லுது."

"நான் உங்க மிஸ்ஸுடி!"

"அதான் மிஸ். மிஸ்ஸுக்குந்தான் தொறக்கக் கூடாதாம்."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே என் மகள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தலைமை ஆசிரியை வந்து கூப்பிட்டார். கதவு அசையவில்லை. என்னைக் கைகாட்டி, "அம்மா கூப்பிடுங்க, தொறந்துரும்" என்றார்.

கதவில் வாயை வைத்தேன்.

"கயல்... கண்ணு... அம்மாடா. கதவத் தொறடா செல்லம். ஒண்ணுமில்லடா. யாருமே இல்லடா. அம்மா மட்டும்தான்டா..."

சத்தமில்லை. இன்னும் கெஞ்சினேன். அழுகையே வந்துவிட்டது. உள்ளே கிசுகிசுப்புகூட நின்றுபோனது.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். கையில் எலுமிச்சம்பழம் பிழிந்த ஈரம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையால் கதவில் ஓங்கி ஒரு தட்டு.

"ஏ கயலு! கரன்ட் போனா ஊரு உலகத்துல ஜன்னலத் தொறப்பாங்க. நீ சாத்தி வெச்சிருக்க. இத்தினி புள்ளைகளையும் உள்ள வெச்சு இட்லி அவிக்கிறியா? மரியாதையாத் தொற. நான் வந்தேன்னா தோல உரிச்சுருவேன்!"

தாழ் நகர்ந்தது.

கயல் வெளியே வந்தாள். வியர்வையில் நனைந்திருந்தாள். நேரே அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் கதவின் இந்தப் பக்கம், கை நீட்டியபடி நின்றிருந்தேன்.

6

அன்று சாயங்காலம் கடைக்குப் பின்னால் வைத்து அவளைக் கேட்டேன். "அம்மா கூப்பிட்டப்ப ஏன்டா தொறக்கல?"

"நீ அழற மாதிரி பேசுனம்மா. யாரோ உன்னைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, அப்படிப் பேசச் சொல்றாங்கன்னு நெனச்சேன். யாருமே இல்லன்னு வேற சொன்ன."

"பெரியம்மாவுக்கு மட்டும் தொறந்த?"

"பெரியம்மா திட்டுனாங்க. பக்கத்துல துப்பாக்கி இருந்தா யாராவது அப்படித் திட்டுவாங்களா?"

அவள் சொன்னதில் பிழையில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தலைமை ஆசிரியை கடைக்கே வந்தார். "புள்ளைய இங்கயே சேத்துருங்கம்மா. கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிரும். பக்குவமான புள்ள" என்றார். அக்கா ஏற்கெனவே சீருடைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தாள். வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். "நீ எது செஞ்சாலும் சரி" என்றார்.

கயலையும் கேட்டேன். "பெரியம்மா வீட்டுலயே இருந்து படிக்கிறியா? அம்மா லீவுக்கு லீவு வருவேன்."

"இருக்கேன்" என்றாள்.

கேள்வி முடிவதற்குள் வந்த பதில். ஒரு நொடி யோசித்திருந்தால், என் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால், விட்டுவிட்டு வந்திருப்பேனோ என்னவோ. அவள் யோசிக்கவில்லை. அக்காவோடு சேர்ந்து புளி உரித்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லக்கா. நான் கூட்டிக்கிட்டே போயிடுறேன்" என்றேன்.

அக்கா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். "என்னடி வெளையாடுற? இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்த?"

"அவள விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

"அது நீ கெளம்புறப்பவே தெரியாதா? இப்ப புதுசா என்னா வந்துச்சு?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், என் மூஞ்சியைப் படிக்கத் தெரிந்தவள்.

"ஓஹோ" என்றாள். "ஏன்டி, துப்பாக்கிக்காரன் பரவால்ல, நான்தான் ஆகாதவளா?"

மாமா, "விடு சாந்தி" என்றார். அவள் விடவில்லை. ஊர் கிளம்பும் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. தைத்து வந்த சீருடையை மட்டும் கயலின் பெட்டியில் மடித்து வைத்துவிட்டாள். விமானத்தில் கயல் முழு வழியும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டலாம். திட்ட வேண்டியதுதான். பயத்தைக் கொண்டுபோய் இறக்கி வைக்கலாம் என்று போனேன். இறக்கி வைக்கிற இடத்தில் இன்னொருத்தி என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. இனி அவளை நான் வைத்துக்கொள்வதென்றால், அவள் கதவைத் திறக்கிற குரல் என்னிடம் இருந்தாக வேண்டும்.

7

துணி துவைக்கிற அறையில் இயந்திரங்கள் ஓடும்போது யாருக்கும் எதுவும் கேட்காது. ஊரிலிருந்து வந்தது முதல் அங்கே நின்று திட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதலில் வாயே வரவில்லை. போர்வையைப் பார்த்து, "எருமை மாடு, எந்திரி" என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி வருவது, எனக்கு மலையேறுவது மாதிரி இருக்கிறது.

இன்று காலை அக்காவின் போனை வைத்துவிட்டுக் கிளம்பினோம். கயல் எனக்கு முன்னால் நடந்தாள். ராய் அதே இடத்தில் நின்றிருந்தார், அதே துப்பாக்கி. "கைல்!" என்று உற்சாகமாகக் கூப்பிட்டார். அவள் கையசைத்தாள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார்களும் தகப்பன்மார்களும் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மெதுவாக, இனிமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கயல் வாசலைத் தாண்டப் போனாள். கண்ணை ஒருமுறை மூடிக்கொண்டேன்.

"ஏ கயலு! மதியச் சோத்த மிச்சம் வெச்சுட்டு வா, அப்ப இருக்கு உனக்கு! ஸ்வெட்டரத் தொலைச்ச, தோல உரிச்சுருவேன்! காது கேக்குதா இல்ல அடைச்சிருக்கா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. ராய் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். எல்லாம் சரிதானே என்று கயலிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன்றுமில்லை. என் அம்மா திட்டுகிறார், அவ்வளவுதான்" என்று அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

பிறகு என் பக்கம் வந்தாள். ஊரிலிருந்து வந்த பின் முதன்முறையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு, பரீட்சைத் தாளைத் திருத்துகிற மிஸ் மாதிரி யோசித்தாள்.

"பெரியம்மா அளவுக்கு இல்லம்மா. கடைசியில குரல் நடுங்குது" என்றாள். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டு."

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.